சின்னாளப்பட்டியில் ஒரு மின்தடை நாள்

காலை 6.10. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் செல்லும் அரசுப் பேருந்தில் ஏறினேன். கட்டணம் தொண்ணூற்றைந்து ரூபாய். தொலைவு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் சன்னலோர இருக்கை கிடைத்தது. எதற்காகப் புறப்பட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் சங்கீத சபையின் செய்தி மடலில் இதைப் படிக்கும் உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மீதிப் பேர் வதந்தியாகக் கேட்டிருப்பார்கள்.

சின்னாளப்பட்டியில் வசிக்கும் வயலின் கலைஞர் கோமதி அம்மையார், தம் ஊர் நெசவாளர்களின் செவித்திறனைச் சோதித்து, குறையுள்ளவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவருகிறார். அந்தத் தொண்டுக்காக அவருக்குச் சால்வை அணிவிக்க வேண்டுமென்று நம் செயற்குழு தீர்மானித்தது. அவரிடமிருந்து நான்கே வரியில் பதில் வந்தது. "சால்வைக்கு நன்றி. அது வேண்டாம். தனி வயலினுக்கு ஒரு மாலைக் கச்சேரி கொடுங்கள். இரண்டரை மணி நேரம்."

மாலைக் கச்சேரி யாருக்கு என்பதை முடிவு செய்வது, இருபத்தொரு ஆண்டுகளாகச் செயலாளனாக இருக்கும் என் பொறுப்பு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் நம் சபையில் பிற்பகலில் ஒரு மணி நேரம் வாசித்தார். அன்று என் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதினேன்: "லயம் திடம். கற்பனை உண்டு. மேல் ஸ்தாயியில் நாதம் மங்கல். மாலை மேடைக்குப் போதாது." அதன்பின் அவர் நான்கு முறை விண்ணப்பித்தார். நான்கு முறையும் அந்தக் குறிப்பைப் பார்த்தே மறுத்தேன். ஐந்தாவது முறையும் அஞ்சலில் மறுப்பது முறையன்று. நேரில் சென்று மறுபடி கேட்டுவிட்டு முடிவு சொல்வதே நியாயம் என்று பட்டது. வரலாமா என்று எழுதினேன். "செவ்வாய்க்கிழமை வாருங்கள். அன்று எங்கள் ஊரில் மின்தடை" என்று பதில் வந்தது. மின்விசிறி ஓடாத நாளாகப் பார்த்து விருந்தினரை அழைப்பவரை அதுவரை நான் கண்டதில்லை.

மணப்பாறை தாண்டும் வரை மூடுபனி இருந்தது. அய்யலூர் அருகே குன்றுகள் தெளிந்தன. வடமதுரையில் பத்து நிமிடம் நின்றோம். சாலையோரம் தக்காளிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் இறங்கித் தேநீர் குடித்தார். ஓட்டுநர் அவரை அழைப்பதற்கு ஒலிப்பானை அழுத்தியபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். எனக்கு அது அவ்வளவு பெரிய ஓசையாகத் தோன்றவில்லை.

காலை 8.40. திண்டுக்கல். மலைக்கோட்டையின் பாறை மீது வெயில் ஏறியிருந்தது. நிலக்கோட்டையிலிருந்து வந்த வேன் ஒன்றிலிருந்து மல்லிகை மூட்டைகளை இறக்கினார்கள். நிலையம் முழுவதும் மணத்தது. நான்கு இட்லி, ஒரு காப்பி, அறுபத்தைந்து ரூபாய். காப்பியில் சர்க்கரை அதிகம். சின்னாளப்பட்டி பதினொரு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் பதினைந்து ரூபாய்.

காலை 9.50. இறங்கிய இடத்தில் ஓர் ஆட்டோ நின்றிருந்தது.

"எங்க சார் போகணும்?" என்றார் ஓட்டுநர்.

"வயலின் கலைஞர் கோமதி அம்மையார் வீட்டுக்கு."

"வயலினா? அப்பிடி யாரும் இங்க இல்லையே சார்." சற்று யோசித்தார். "இருங்க, காது டீச்சரா?"

செவித்திறன் சோதிப்பவர்தாம் என்றேன்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா? எங்க அப்பாவுக்கு அவுகதான் பாத்துச் சொன்னாக. பெரியாஸ்பத்திரில மெசினு குடுத்தாக. இப்ப என்னான்னா, நாங்க மெதுவாப் பேசுனாக்கூட காதுல விழுந்து திட்டுறாரு. முன்னாடியே நிம்மதியா இருந்துச்சு."

நாற்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன். தெரு முனையில் ஆட்டோவின் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "கேளுங்க சார்" என்றார். கேட்பதற்கு ஒன்றுமில்லை. இரு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். எல்லாம் கதவு திறந்து, தறிகள் நின்றுபோய்க் கிடந்தன. "இம்புட்டு அமைதி மாசத்துல ஒரு நாளுதான். பராமரிப்புக்குக் கரண்ட நிறுத்துற அன்னிக்கு" என்றார். மின்தடை நாளில் ஏன் அழைக்கப்பட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

கோமதி அம்மையாருக்கு ஐம்பத்தாறு வயது. பருத்திச் சுங்குடிப் புடவை, தடித்த கண்ணாடி. நான் போனபோது வாசல் வெளிச்சத்தில் ஒரு பழைய வானொலியைப் பிரித்துப் போட்டு, திருப்புளியும் கையுமாக இருந்தார். அக்கம்பக்கத்து வானொலி, மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் அவரிடம்தான் பழுது பார்க்க வருகின்றன என்று பின்னர் அறிந்தேன். ஏழு வயதில் திண்டுக்கல்லில் வயலின் பயிலத் தொடங்கியவர். இருபது ஆண்டுகள் பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். பெண் பக்கவாத்தியம் வேண்டாமென்று சில பாடகர்கள் ஒதுக்கியதால் இழந்த மேடைகள் எத்தனை என்று கேட்டேன். "எண்ணல சார்" என்றார்.

"மத்தியானத்துக்கு மேல வாசிக்கிறேன் சார். இப்ப வேலை இருக்கு. அஞ்சு மணிக்குக் கரண்ட் வந்துரும், அதுக்குள்ள முடிச்சாகணும்."

ஏறக்குறைய நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்தவனைக் காத்திருக்கச் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. வேலையையும் பார்க்கிறேன் என்று உடன் சென்றேன்.

காலை 10.30. இரண்டு வீடு தள்ளி முத்தையா என்பவரின் தறிக்கூடம். அறுபது வயது, நான்கு தறி. கூடத்துக்குப் பின்னால் நூல் வைக்கும் அறை. மூன்று சுவர்களிலும் கூரை வரை நூல் கண்டுகள் அடுக்கியிருப்பதால் அங்கே பேச்சு எதிரொலிப்பதில்லை. அம்மையார் தேர்ந்த இடம் அதுதான். நடுவே ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தார். சோதிக்கப்படுபவர் நூல் அடுக்கைப் பார்த்து முக்காலியில் உட்கார வேண்டும். திரைக்குப் பின்னால் அம்மையார் வயலினில் ஒவ்வொரு ஓசையாக, உயரத்தை மாற்றி மாற்றி, வரிசை இல்லாமல் மெல்ல இழுப்பார். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எது வரை கேட்டது என்பதை ஒரு பள்ளி நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

"திரை எதற்கு?" என்று கேட்டேன்.

"முதல் மாசம் திரை இல்ல சார். எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சு. அப்பறம் பாத்தா, நூலுக்கு நடுவுல தொங்குன கண்ணாடில என் முழங்கையப் பாத்துட்டு விரல் தூக்கியிருக்காங்க. செவிடுன்னு தெரிஞ்சா வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை வராதுன்னு பயம்."

அன்று ஒன்பது பேர் சோதனைக்கு வந்தார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தறி ஓட்டும்படி அம்மையார் ஒவ்வொருவரிடமும் சொன்னார். எவரும் ஒப்பவில்லை. காரணத்தை முத்தையா எனக்கு விளக்கினார்: "இழை அறுந்தா சத்தம் மாறும் சார். அத வச்சுத்தான் ஓடிப் போயி நிறுத்துவோம். பஞ்ச வச்சா சேலை பூராம் ஓட்டையாப் போகும்." இது நியாயமான மறுப்பே. அம்மையாரும் அதை ஏற்று, பழைய லாரி டயர்களை வெட்டித் தறிக்கால்களுக்கு அடியில் வைத்து அதிர்வைக் குறைத்திருக்கிறார். பதினேழு கூடங்களில் இவ்வாறு செய்திருப்பதை நோட்டில் பார்த்தேன்.

கூடத்தின் சொந்தக்காரரான முத்தையா மட்டும் முக்காலியின் பக்கமே வரவில்லை.

"எனக்கென்ன, பாம்புக் காது" என்றார்.

"ஆமா, பாம்புக் காது" என்று சொன்னவர் அவர் மனைவி சரசு. "கடைக்குப் போயி உப்பு வாங்கிட்டு வான்னா கேக்காது. எதுத்த வீட்டுல வடை சுட்டா மட்டும் கேக்கும்."

"அது வாசனைடி."

"அப்ப மூக்கு நல்லாருக்கு. காதக் காட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். முத்தையா என் பக்கம் திரும்பினார். "திருச்சி சார் மொதல்ல உக்காரட்டும். சாரு பாஸானா நானும் உக்காருறேன்."

"அவரை விடுங்க அண்ணே, விருந்தாளி" என்றார் அம்மையார்.

பின்வாங்கினால் தவறாகப் பொருள்படும் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னேன். நான் ஐம்பது ஆண்டுகளாகச் சங்கீதம் கேட்பவன். ஒழுங்கில்லாத ஓசைகளுக்கு விரல் தூக்க மாட்டேன். சங்கராபரணத்தின் சுரங்களை வரிசையாக வாசிக்க வேண்டும்.

"வரிசையா வேணாமே சார்."

"வரிசையாகவே வாசியுங்கள்."

"சரிங்க சார்."

நூல் கண்டுகளைப் பார்த்தபடி அமர்ந்தேன். கீழ் ஷட்ஜத்தில் தொடங்கி ஒவ்வொரு சுரமாக, ஒரே இடைவெளியில் ஏறினார். ஒவ்வொன்றுக்கும் விரலை உயர்த்தினேன். மேல் ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். ஒன்றையும் தவறவிடவில்லை என்ற நிறைவோடு எழப் போனேன். அப்போது சரசு வாய்விட்டுச் சிரித்தார்.

"வாசிக்காததுக்கும் வெரலத் தூக்குறாரே!"

அம்மையார் திரையை விலக்கினார். மேல் பஞ்சமத்திலிருந்து வில்லைத் தந்தியில் வைக்கவே இல்லை என்று சொன்னார். இல்லாத மூன்று சுரங்களுக்கு, உரிய காலத்தில், நான் விரல் தூக்கியிருக்கிறேன்.

"பாட்டுத் தெரிஞ்சவங்ககிட்ட வரிசையா வாசிச்சா இப்படித்தான் ஆகும் சார்" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. "அடுத்தது இதுதான்னு தெரியும்ல. வில்லு வரதுக்கு முன்னாடி மனசு பாடிருது. இங்க வந்த பாட்டு வாத்தியார்ங்க எல்லாருமே இதுல மாட்டியிருக்காங்க. வரிசை இல்லாம ஒரு தடவை பாக்கலாமா?"

மீண்டும் உட்கார்ந்தேன். இம்முறை எது வரும் என்று தெரியாது. சில ஓசைகள் கேட்டன, விரல் தூக்கினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வாசிக்காமல் இருக்கிறாரோ என்று எண்ணி, தலையைத் திருப்பி, வாயிலில் நின்ற சரசுவைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு ஓசைக்கும் தலையை அசைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அசைப்பதை நிறுத்திவிட்டார்.

நோட்டில் என் பெயருக்கு நேரே எழுதியதை அம்மையார் என்னிடம் காட்டினார். மறைக்கவில்லை. "நான் டாக்டர் இல்ல சார். ஊருக்குப் போனதும் காட்டுங்க. கீழ, நடுவுல எல்லாம் நல்லாருக்கு. மேலதான் இல்ல."

நான் அஞ்சிய சிரிப்பு எழவில்லை. முத்தையா வந்து, நான் எழுந்த முக்காலியில் தாமாகவே உட்கார்ந்தார்.

"எனக்கும் அப்பிடித்தான் சார்" என்றார். "தறி நின்னு மூணு மணி நேரமாச்சு. எனக்கு இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. யாருகிட்டயும் சொன்னதில்ல. ம், வாசிம்மா."

அவருக்கு என்னைவிடக் குறைவாகக் கேட்டது. அடுத்த வாரம் மருத்துவமனைக்குப் போவதாகச் சரசுவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். "உன் தலையில அடிச்சுக்க" என்றார் சரசு.

பிற்பகல் 1.30. அம்மையார் வீட்டில் சாப்பாடு. முருங்கைக்காய்ச் சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், மோர். சரசு பரிமாறினார். பொரியல் சட்டியைக் காட்டி, "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கவா சார்?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை குரலை உயர்த்திக் கேட்டார். முதல் இரண்டு முறையும் எனக்குக் கேட்டிருந்தது, யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மையாரிடம் நேராகவே கேட்டேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேடையில் ஒலிபெருக்கியை எந்த அளவில் வைக்கச் சொன்னார்?

"பாதிக்கும் கீழ சார். கூட்டுனா மேல் தந்தி கிழிக்கிற மாதிரி இருக்கும். நாள் பூரா தறிச் சத்தத்துல இருக்கவ நான், மேடையிலயும் எதுக்குன்னு."

பிற கலைஞர்கள் அனைவரும் ஒலிபெருக்கியை முழு அளவில் வைத்து வாசிப்பவர்கள். அவர்களுடைய மேல் ஸ்தாயி எனக்கு மங்கலாக இருந்ததில்லை. இதை எண்ணிக்கொண்டே, என் குறிப்பேட்டில் இருந்த வரியை அவரிடம் சொன்னேன். சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் நான்கு முறை மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தை அறியும் உரிமை உண்டு.

அவர் கையிலிருந்த மோர்க் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நாலு தடவையும் அதுதானா சார்?"

"அதுதான்."

"மேல் ஸ்தாயி சரியில்லன்னு உங்க குழுவுல ஒருத்தர் காதோட காதாச் சொன்னாரு. ரெண்டு வருஷம் அதை மட்டுமே சாதகம் பண்ணேன். தந்தி மாத்துனேன். வில்லு மாத்துனேன். எங்க தப்புன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. சரி, தறித் தெருவுல இருந்து இருந்து என் காதுதான் போயிருச்சுன்னு முடிவு பண்ணி மதுரைக்குப் போய்ப் பாத்துக்கிட்டேன். காது நல்லாருக்குன்னாங்க. அங்க வரிசைல பாத்தா எங்க தெருக்காரங்க நாலு பேர், வயசானப்பறம் வந்து உக்காந்திருக்காங்க. பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும்னு டாக்டர் திட்டுறாரு. அன்னிக்குத்தான் சார் இந்த வேலை ஆரம்பிச்சது."

சரசு இடையில் புகுந்தார்.

"அப்ப இந்த சாருக்குக் காது கேக்காததுனாலதான் எங்க தெருவுல பாதிப் பேருக்குக் காது கேக்குதுங்கறீங்களா?"

"சரசு" என்று அதட்டினார் அம்மையார். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் மோரை எடுத்து ஊற்றிக்கொண்டேன். நம் செயற்குழு சால்வை போர்த்த விரும்பிய தொண்டு எங்கிருந்து தொடங்கியது என்பதை உறுப்பினர்கள் இப்போது அறிந்திருப்பார்கள்.

பிற்பகல் 3.15. வயலினைச் சுருதி சேர்த்தார். தீர்ப்புச் சொல்வதற்காக வாசிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னேன். "அப்ப நிம்மதியா வாசிக்கிறேன்" என்றார். கல்யாணி ராகம். ஒலிபெருக்கி இல்லை, மின்விசிறி இல்லை, தெருவில் ஓசை இல்லை. கீழ் ஸ்தாயியில் அவர் நின்று நிதானித்த இடங்களை நான் நீண்ட காலம் மறக்க மாட்டேன். ஒவ்வொரு சுரத்தையும் அவசரமின்றி எடுத்து, அதன் எல்லை வரை போய்ப் பார்த்துத் திரும்பினார். மேலே ஏறியபோது வில்லும் விரல்களும் அசைவதைக் கண்டேன். நாதம் சில இடங்களில் வந்தது, சில இடங்களில் நூலிழையாகி மறைந்தது. அவற்றில் எதை நான் கேட்டேன், எதை என் மனமே பாடிக்கொண்டது என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. வாயிலில் முத்தையாவும் சரசுவும் ஆட்டோ ஓட்டுநரும் நின்றிருந்தார்கள். "இம்புட்டு நல்லா வாசிப்பாகளா இவுக" என்று ஓட்டுநர் சரசுவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

மாலை 4.40. சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே மின்சாரம் வந்துவிட்டது. தெருக்கோடியில் ஒரு தறி தொடங்கியது; பிறகு அடுத்தது; பிறகு தெரு முழுவதும். அம்மையார் பிடித்த பிடியை முடித்துவிட்டு வில்லைத் தளர்த்தினார். "இவ்வளவுதான் சார் எங்க ஊர்ல கச்சேரி. மிச்சம் அடுத்த மின்தடைக்கு."

புறப்படும்போது முத்தையாவின் கூடத்தில் எட்டிப் பார்த்தேன். ஒரு காதில் மட்டும் பஞ்சு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பஞ்சு இல்லாத காதைத் தொட்டுக்காட்டி, "இது இழைக்கு!" என்று கத்தினார்.

இரவு 9.20க்குத் திருச்சி வந்து சேர்ந்தேன். நான் குடியிருக்கும் தெருவில் தறி இல்லை, ஆலை இல்லை. எழுபத்து நான்கு ஆண்டுகளில் என் காதுக்கு எவரும் தீங்கு செய்ததில்லை. அதனால்தான் அதை நான் ஒருபோதும் சந்தேகிக்கவில்லை. சின்னாளப்பட்டியில் காதைச் சந்தேகிக்க ஒவ்வொருவருக்கும் காரணம் இருக்கிறது, காட்டிக்கொள்ளத்தான் அஞ்சுகிறார்கள். எனக்கோ சந்தேகிக்கக் காரணமே இல்லாமல் இருந்தது. வியாழக்கிழமை காது மருத்துவரிடம் சென்றேன். அவருடைய இயந்திரம் சொன்னதும் அந்தப் பள்ளி நோட்டில் இருந்ததும் ஒன்றே.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் என் செவி இப்படித்தான் இருந்ததா என்பதை இனி எவராலும் நிறுவ முடியாது. அந்த ஐயத்தின் பலன் இத்தனை காலம் என் பக்கம் நின்றது; இனி அவர் பக்கம் நிற்க வேண்டும். வரும் பருவத்தில் கோமதி அம்மையாரின் தனி வயலின், மாலை ஆறரை மணிக்கு, இரண்டரை மணி நேரம் நடைபெறும். சால்வை இல்லை. இளையோர் போட்டிகளின் நடுவர் குழுவிலிருந்து நான் விலகிவிட்டேன்; கச்சேரி விமர்சனங்களையும் இனி வேறொருவர் எழுதுவார். பிறர் சொல்லி உறுப்பினர்கள் அறிவதைவிட, நானே சொல்லி அறிவது முறை என்பதால் இவ்வளவும் எழுதினேன்.

கச்சேரி அன்று ஒலிபெருக்கியின் அளவை அம்மையாரே முடிவு செய்வார். சத்தத்தைக் கூட்டும்படி எவரும் பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டாம். கேட்காதவர்கள் முன்வரிசைக்கு வந்துவிடலாம். எனக்கு அங்கே ஓர் இடம் போடச் சொல்லியிருக்கிறேன்.